100, 103 வந்தா உங்க ஹெச்டிடிபி கிளையன்ட் என்ன பண்ணணும்

ஹெச்டிடிபி கிளையன்ட் லைப்ரரி சொந்தமா எழுதுறவங்க முக்கால்வாசிப் பேர் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு ரெஸ்பான்ஸ்னு நினைச்சுத்தான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான். ஆனா கடைசி பதிலுக்கு முன்னாடி சர்வர் 100 (பாடியை அனுப்பு), 103 (பக்கத்துக்கு தேவையான ஃபைல்களை முன்கூட்டியே லிங்க் ஹெடர்ல சொல்றது) மாதிரி இடைக்கால பதிலும் அனுப்பலாம். ஒரு போஸ்ட் அனுப்பினேன், சர்வர்ல இருந்து "ஹெச்டிடிபி/1.1 100 கன்டின்யூ"ன்னு ஒரு வரி, கீழ ஒரு காலி வரி, அதுக்கப்புறம்தான் நிஜமான 200. என் கோட் அந்த 100-ஐயே பதிலா எடுத்துக்கிட்டு கனெக்‌ஷனை திரும்ப பூல்ல (மறுபடி பயன்படுத்த எடுத்து வைக்கிற இடத்துல) போட்டுடுச்சு, அடுத்து அதே கனெக்‌ஷன்ல போன கெட் ரிக்வெஸ்டுக்கு பழைய போஸ்ட்டோட 200 வந்து நின்னுச்சு. எர்ரர் எதுவும் வராது, தப்பான டேட்டா மட்டும் வரும், அதான் இதுல பயமே.

சரி எப்படி எழுதணும்? ஸ்டேட்டஸ் லைன், ஹெடர் ரெண்டையும் படிங்க, கோட் 100-ல இருந்து 199-க்குள்ள இருந்தா (101 தவிர, அதை கீழ சொல்றேன்) லைப்ரரியை கூப்பிட்டவங்க கால்பேக் ஃபங்ஷன் கொடுத்திருந்தா அதுக்கு கொடுத்துட்டு மறுபடி ஸ்டேட்டஸ் லைன்ல இருந்து படிங்க. இத இஃப் போட்டு எழுதாதீங்க, லூப் போடுங்க. ஏன்னா ஒண்ணுக்கு மேலயும் வரலாம், நீங்க கேக்காமலே வந்தாலும் கிளையன்ட் பார்ஸ் பண்ணியே ஆகணும்னு ஹெச்டிடிபியோட விதிகள் இருக்கற ஆர்எஃப்சி 9110 சொல்லுது. இதுக்கெல்லாம் பாடி கிடையாது, ஹெடர் முடிஞ்சா அது முடிஞ்சுது. 103-ல வர்ற லிங்க் ஹெடரை கடைசி ரெஸ்பான்ஸோட ஹெடர்ல கலந்துடாதீங்க, அது வேற இது வேற.

லூப்புக்கு ஒரு எல்லை வேணும், இல்லன்னா ஒரு மோசமான சர்வர் 103-ஆ அனுப்பிக்கிட்டே உங்களை உக்கார வச்சிடும். கோ மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி முன்னாடி 5-க்கு மேல வந்தா எர்ரர் கொடுத்தது, 1.24-ல மொத்த ஹெடர் சைஸை வச்சு பாக்குற மாதிரி மாத்திட்டாங்க, எனக்கு இதுதான் சரின்னு படுது. அதே மாதிரி ஒவ்வொரு 1xx... அதாவது நூறு வரிசை ரெஸ்பான்ஸ் வரும்போதும் மொத்த டைம்அவுட்டை ரீசெட் பண்ணாதீங்க.

101 மட்டும் தனி, இதே கனெக்‌ஷன்ல வேற புரோட்டோகாலுக்கு மாறலாம்னு (அப்கிரேட்) சர்வர் சொல்றது. நீங்க அப்கிரேட் கேட்டிருந்தா லூப்பை விட்டு வெளிய வந்து சாக்கெட்டை புது புரோட்டோகாலுக்கு கொடுங்க, கேக்கலன்னா எர்ரர் கொடுத்து மூடிடுங்க. ஹெச்டிடிபி/2-ல 101 கிடையவே கிடையாது.

பாடியை அனுப்பறதுக்கு முன்னாடி சர்வர்கிட்ட 100 கேக்கற எக்ஸ்பெக்ட் ஹெடர் அனுப்பினா 100-க்காக காத்துக்கிட்டே இருக்காதீங்க, கர்ல்ங்கற கமாண்ட் லைன் டூல் 1 செகண்ட் பாத்துட்டு பாடியை அனுப்பிடும், அது போதும். 417 (எக்ஸ்பெக்ட்டை ஏத்துக்க முடியாது) வந்தா எக்ஸ்பெக்ட் இல்லாம திரும்ப அனுப்புங்க. பாடி அனுப்புறதுக்கு முன்னாடியே 401 (லாகின் வேணும்), 413 (பாடி ரொம்ப பெருசு) மாதிரி வந்துட்டா, பாடியை அனுப்பாம விட்டீங்கன்னா ஹெச்டிடிபி/1.1-ல அந்த கனெக்‌ஷனை மூடியே ஆகணும், ஏன்னா கன்டென்ட்-லெங்த்ல இத்தனை பைட் வரும்னு சொல்லிட்டீங்க, அடுத்த ரிக்வெஸ்ட்டை சர்வர் அந்த பாடின்னு நினைச்சு முழுங்கிடும்.

டெஸ்ட்டுக்கு ஒரு சின்ன சாக்கெட் சர்வர் எழுதி 103, 103, 100, 200-ன்னு வரிசையா அனுப்புங்க, அடுத்து அதையே ஒவ்வொரு பைட்டா பிச்சு அனுப்புங்க. கடைசியா 103 மட்டும் அனுப்பிட்டு கனெக்‌ஷனை மூடுங்க, அப்போ லைப்ரரியை கூப்பிட்டவங்களுக்கு எர்ரர்தான் போகணும், 103 பதிலா போகக்கூடாது.