மாற்றியமைக்கும் அரங்கு: டெல்டாவில் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலை, டெல்டா நகரம் ஒன்றில், மேடையையும் இருக்கைகளையும் நிகழ்ச்சிக்கேற்ப மாற்றியமைக்கும் புதிய அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் காட்சியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை தகரம். அதன்பின் நடிகர்களின் வாயசைவை மட்டும்தான் பார்த்தோம். அவர்கள் பல வாரம் பழகிய வசனம் அப்படிக் கரைந்துபோனதை இன்னும் மறக்க முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் ஊரில் அரங்குக்குக் கான்கிரீட் கூரைதான் சரி. அதற்கு வழியில்லாவிட்டால், தகரத்தின் அடியில் ராக்வூலும் (ஒலியைத் தணிக்கும் பாறைப் பஞ்சு) அதன்கீழ் கனமான பலகை அடுக்கும் கட்டாயம் வேண்டும்.

மண்ணை மறப்பது அடுத்த தவறு. வாத்தியக்காரர்களுக்குக் குழி, தரைக்கடியில் இறங்கி ஏறும் மேடை என்று வேறு ஊர்களின் வரைபடத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். காவிரிப் படுகையின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலேறி வரும். குழி தோண்டினால் ஆண்டுதோறும் நீர் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். தளத்தைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி, சமதளமாக விட்டு, கழற்றி மாட்டும் பலகை மேடைகளை அதன்மேல் அடுக்குவதே இங்கே பொருந்தும்.

ஆனால் பெரிய தவறு வரைபடத்துக்கும் முன்பே நடக்கிறது. “எல்லாவற்றுக்கும் பயன்பட வேண்டும்” என்று தொடங்குகிறார்கள். மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை நினைத்துப் பாருங்கள். வரதராசப் பெருமாள் கோயிலுக்கு முன்னால், தெருவில், விடிய விடிய நடக்கும் ஆட்டம் அது. அதற்கு வேண்டிய இடம் வேறு. வசனத்தை நம்பும் நவீன நாடகத்துக்கு வேண்டியது வேறு. திறந்தவெளிக்கே பிறந்த நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வேண்டியது வேறு. பேச்சு தெளிவாகக் கேட்க எதிர்முழக்கம் (ஒலி நின்றபின்னும் அரங்குக்குள் நீடிக்கும் முழக்கம்) ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். பாட்டுக்கு இன்னும் சற்று நீண்டால் நல்லது. சுவரோரம் இழுத்து மூடும் கனமான திரைகளால் இரண்டையும் ஓரளவு சமாளிக்கலாம். எந்த மூன்று, நான்கு கலைகளுக்காகக் கட்டுகிறோம் என்று முதலில் எழுதிவைத்தால்தான் அதுவும் கைகூடும்.

புகாரில் மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரம் கோல் (அக்கால அளவுகோல்) கணக்கில் சொல்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், இரண்டு வாயில், மூன்று எழினி (திரை). தூண் நிழல் ஆட்டத்தின்மேல் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. இன்றைய அரங்குகளில் வாயில், விளக்கு என்ற இந்த இரண்டிலும்தான் சறுக்குகிறோம். மேடையை நடுவில் போட்டால் நடிகர் எந்த வாயிலால் வருவார்? பார்வையாளர் கண்ணில் படாமல் சுற்றிவர வழி இருக்கிறதா? விளக்குக் கம்பிகள் ஒரு மூலையில் மட்டும் இருந்தால், மேடை நகர்ந்ததும் முகம் இருட்டில் நிற்கும். கூரை முழுதும் கம்பிச் சட்டமும், நான்கு சுவரிலும் மின் இணைப்பும் வேண்டும். பின்னால் சேர்ப்பதற்குச் செலவு பன்மடங்கு.

கழற்றிய இருக்கைகளை எங்கே வைப்பது? இதற்கு அறையே ஒதுக்காமல் கட்டுகிறார்கள். பிறகு அவை வழியை அடைக்கும், அல்லது ஒருமுறை போட்ட இடத்திலேயே நிலைத்துவிடும். அரங்கு மாறவே மாறாது.

வழியடைப்பைச் சிறிதாக எண்ணாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மண் இது. இருக்கைகளை வட்டமாகப் போட்டாலும் நேராகப் போட்டாலும், ஒவ்வோர் அமைப்பிலும் வெளியேறும் கதவுகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று தனித்தனியே வரைந்து பார்க்க வேண்டும். ஒரே அமைப்புக்கு மட்டும் அனுமதி வாங்குவது போதாது.

ஒப்பனை அறை, பெண் கலைஞர்களுக்குத் தனிக் கழிப்பறை, பொருள் இறக்கும் அகலமான கதவு: இவற்றைச் செலவைக் காட்டிக் குறைக்க வேண்டாம்.

வரைபடம் முடிவதற்கு முன், அறுவடை முடிந்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு அரங்கை உண்மை அளவில் வரையுங்கள். ஒரு கூத்துக் கலைஞரையும் ஒரு நாடக நடிகரையும் அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். 20 மீட்டர் தள்ளி, கடைசி வரிசை வரும் இடத்தில் ஒரு மூதாட்டியை உட்காரவைத்து, “முகம் தெரிகிறதா அம்மா?” என்று கேளுங்கள்.