பழைய வேன்: எர்த் இணைப்பைச் சோதித்துச் சரிசெய்வது எப்படி?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகுகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. இண்டிகேட்டர் அடிக்கும்போதெல்லாம் பக்கத்து விளக்கும் சேர்ந்து மங்குகிறது. இப்படிச் சம்பந்தமில்லாத கோளாறுகள் ஒன்றாக வந்தால், புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் எர்த்தைப் பாருங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புறப்படும் மின்சாரம் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி இன்ஜின் பிளாக்கும் பாடியும்தான். இந்த வழியைத்தான் எர்த் என்கிறோம். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் இரண்டையும் இணைக்கத் தடித்த கேபிளோ, செம்புக் கம்பிகளைப் பின்னிய பட்டையோ இருக்கும். அது கெட்டுப்போனால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த வழியில் புகுந்து போகும். ஸ்டார்ட் செய்தபின் அந்தக் கேபிள் சூடாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

1. இணைப்புகளைக் கண்டுபிடியுங்கள்

நெகட்டிவ் கேபிளைக் கையால் தொட்டபடியே பின்தொடருங்கள். பெரும்பாலும் ஒரு முனை பாடியில் இருக்கும்; இன்னொன்று இன்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்குப் போகும். இன்ஜினிலிருந்து பாடிக்குத் தனிப் பட்டை இருக்கிறதா என்று அடியிலும் பாருங்கள். சேறும் எண்ணெயும் மூடியிருக்கும் இடத்தில்தான் அது இருக்கும். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருக்கும். அதை முதலிலேயே கவனித்துவிடுங்கள். இங்கே சொல்வது நெகட்டிவ் எர்த் வண்டிகளுக்கு.

2. கழற்றும் முன் அளந்து பாருங்கள்

பலர் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பூஜ்யம் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். இதை நம்பவே நம்பாதீர்கள். பட்டையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வீணாகிவிடும். அந்த 0.01 ஓம் சாதாரண மீட்டரின் கண்ணுக்கே படாது.

எனவே சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் இருக்கட்டும். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. மறுமுனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மோட்டார் சுற்றும்போதே பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம். கையும் சட்டையும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ கோளாறு. எங்கே? குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே, கிளாம்புக்கும் பாடிக்கும் நடுவே, பாடிக்கும் பிளாக்குக்கும் நடுவே என்று ஒவ்வொன்றாக இதே மாதிரி அளந்து வாருங்கள். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ, அங்கேதான் வேலை.

மீட்டர் இல்லையா? ஒரு ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் பிளாக்கையும் நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மோட்டார் சட்டென்று சுறுசுறுப்பானால் குற்றவாளி எர்த்தான்.

3. கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்

மோதிரம், உலோகக் கடிகாரத்தைக் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதுவே கடைசி. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது ஷார்ட் ஆகாது.

டெர்மினலில் பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு எர்த் போல்ட்டையும் கழற்றி, லக்கின் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடிப்பக்கத்தையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரியச் செய்யுங்கள். பெயின்ட் மேல் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

கேபிளின் ரப்பர் உறைக்குள் செம்பு கறுத்திருந்தாலோ, பட்டையில் இழைகள் அறுந்திருந்தாலோ தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். புதியது பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. இன்ஜின் ஆடும் என்பதால் கொஞ்சம் தளர்வும் வேண்டும்.

4. திரும்ப மாட்டுங்கள்

லக் நேராக உலோகத்தில் உட்காரட்டும். வாஷர் லக்கின் மேலேதான் வர வேண்டும். இறுக்கிய பிறகு வெளிப்புறம் முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள், இல்லாவிட்டால் தேய்த்த இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும். பேட்டரி கிளாம்பை மட்டும் அளவோடு இறுக்குங்கள், ஈயம் மென்மையானது.

டெம்பரேச்சர் சென்சர் ஒற்றை ஒயர் வகை என்றால் அதற்கு மரைதான் எர்த். அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் முள் தப்பாகக் காட்டலாம்.

சரி, இப்போது இரண்டாம் படியின் அளவீட்டைத் திரும்ப எடுங்கள். எண் இறங்கியும் மோட்டார் மந்தமாகவே சுற்றினால், இதே முறையில் பேட்டரி பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் முனை வரை அளந்து பாருங்கள்.