மாடு வந்தால் ஹார்ன் அடிக்க ஒரு சின்ன போர்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிசிடிவி மாட்டும் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக் பிள்ளைகள் வந்து, "அண்ணே, ஏஐ செய்ய எந்த போர்டு வாங்கலாம்?" என்பார்கள். "கரண்ட் எங்கேயிருந்து வரும், தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரத்தில் வேலை செய்யப்போகும் கருவிக்கு முதலில் பேட்டரி, அப்புறம்தான் போர்டு.

அம்மாவின் கொல்லையையே எடுத்துக்கொள்வோம். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மரவள்ளியும் வெண்டையும் போட்டிருக்கிறார். பகலில் அவிழ்த்துவிட்ட மாடுகள் செம்பனை வரிசைக்குள் மேய்ந்துகொண்டே வந்து வேலிக்குள் புகுந்துவிடும். அங்கே கரண்ட் கிடையாது, போன் சிக்னலும் நிற்காது. படத்தை இணையத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குகிற கதை நடக்காது. வருவது மாடுதானா என்று கேமராவில் பார்ப்பதும், ஹார்ன் அடிக்க முடிவெடுப்பதும் அந்த இடத்திலேயே நடக்க வேண்டும்.

இப்போது கணக்கு. அலாரம் பெட்டிகளில் இருக்குமே, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, அதில் 84 வாட்-மணி இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக கையில் 42. ஏஐக்கென்றே விற்கும் ஜெட்சன் ஓரின் நானோ அருமையான போர்டுதான், ஆனால் 7 வாட்டில் ஓடவிட்டாலும் ஆறு மணி நேரத்தில் அந்த 42 காலி. நான் எடுத்துக்கொண்டது ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, 2021இல் வந்தது: 1 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர், 512 எம்பி ரேம், அவ்வளவுதான். கேமராவோடு சேர்த்து 1.5 வாட் என்று வையுங்கள், பிறகு யூஎஸ்பி மீட்டரில் அளந்து திருத்துங்கள். காலை 7 முதல் மாலை 7 வரை ஓடினால் 18 வாட்-மணி. அடைமழையில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். 20 வாட் சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் போதும், ஆனால் பேனல்மேல் மட்டை நிழல் விழக்கூடாது.

இரவில் அணைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த போர்டைத் தூங்கவைக்க வழியில்லை; ஷட்டவுன் செய்தாலும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் 12 வோல்ட் டைமர் சுவிட்ச் ஒன்றை முன்னால் போடுங்கள். மாலை 7 மணிக்கு போர்டு தானே ஷட்டவுன் ஆகட்டும், 7.10க்கு டைமர் கரண்டை வெட்டட்டும். இதற்கு போர்டுக்கு மணி தெரிய வேண்டுமே! இணையம் இல்லாவிட்டால் அதற்கு நேரம் தெரியாது. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைப் பின்களில் சேர்த்துவிடுங்கள். பின்கள் பற்றவைத்த போர்டாகவே கேட்டு வாங்கினால் நாற்பது பின்னுக்கு சால்டர் அடிக்கும் வேலை மிச்சம்.

பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்க 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் வேண்டும். போர்டு முழு வேகத்தில் ஓடும்போது மல்டிமீட்டரை போர்டு முனையிலேயே வைத்துப் பாருங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நடுவிலுள்ள மெல்லிய யூஎஸ்பி கேபிளைத் தூக்கி எறியுங்கள்.

ஜீரோவின் கேமரா வாய் சிறியது, 22 பின். கேமராவோடு வரும் அகலமான கேபிள் சேராது. ஜீரோவுக்கென்று விற்கும் கேபிளைத் தனியாகக் கேளுங்கள். பூட்டுப் பட்டையை நகத்தால் இரண்டு ஓரமும் சமமாக, ஒரு மில்லிமீட்டர்தான் வெளியே இழுக்க வேண்டும். தூக்கினால் உடைந்துவிடும்.

எஸ்டி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 64 பிட் லைட் (டெஸ்க்டாப் இல்லாத) பதிப்பை ஏற்றுங்கள். டெஸ்க்டாப் போட்டால் 512 எம்பி அதற்கே சரியாகிவிடும். மாட்டை அடையாளம் காண, கோகோ என்ற பொதுப் படத்தொகுப்பில் பழக்கிய எஸ்எஸ்டி மொபைல்நெட் என்ற ஏஐ மாடலின் இன்ட்8 வடிவத்தை எடுத்து, சின்னக் கருவிகளில் மாடலை ஓட்டும் டென்சர்ஃப்ளோ லைட் மென்பொருளில் ஓட்டுங்கள் (2024இலிருந்து அதன் பெயர் லைட்ஆர்டி). இன்ட்8 என்றால் ஒவ்வோர் எண்ணும் நாலு பைட்டுக்குப் பதில் ஒரே பைட். இந்தக் குட்டி ரேமுக்கு அதுதான் பொருந்தும். கோகோவின் 80 வகைகளில் மாடு இருப்பதால் நீங்களே பயிற்சி கொடுக்கும் வேலையும் இல்லை.

மாடலை எந்நேரமும் ஓடவிடாதீர்கள். கேமராவை இயக்கும் பைத்தான் நிரல்தொகுப்பான பைகேமரா2இல் பெரிய படத்தோடு ஒரு சின்னப் படமும் சேர்த்து எடுக்கலாம். அந்தச் சின்னப் படத்தில் முந்தையதற்கும் இப்போதையதற்கும் வித்தியாசம் பாருங்கள். ஏதாவது அசைந்தால் மட்டும் மாடலைக் கூப்பிடுங்கள். காற்றில் மட்டை ஆடுவதும் அசைவுதான், அதனால் படத்தின் மேல் பாதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நொடிக்கு ஒரு படம் போதும், மாடு என்ன ஓட்டப்பந்தயமா ஓடுகிறது? ஐந்து படத்தில் மூன்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் உறுதியோடு மாடு என்று மாடல் சொன்னால்தான் ஹார்ன்.

ஹார்னுக்குப் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியதே நல்லது. அது போர்டு வழியாகப் போகக்கூடாது: பேட்டரி முனையிலிருந்து தனி வயர், ஒரு பியூஸ், நடுவில் ரிலே (போர்டின் சிக்னலில் இயங்கும் சுவிட்ச்). ஒரே வயரில் இரண்டையும் இழுத்தால் ஹார்ன் அடிக்கும் நொடியில் வோல்ட் சரிந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரிலே போர்டின் 3.3 வோல்ட் சிக்னலுக்கு ஏற்பதாக இருக்கட்டும். போர்டின் சிக்னல் பின்களில் ஜிபிஐஓ 17இல் இணையுங்கள். ஜிபிஐஓ 0 முதல் 8 வரையுள்ளவற்றில் போர்டு எழும்போதே வோல்ட் உயர்ந்து நிற்கும், காலை ஏழு மணிக்கு ஹார்ன் அலறும். அம்மாவுக்கு ஹார்ன் பிடித்துவிட்டது. "மாடு வந்துச்சுன்னு சொல்லுது, யாரு மாடுன்னு சொல்லாதா?" என்பதுதான் மிச்சக் குறை.

பெட்டி நீர்புகாததாக, வெள்ளை நிறத்தில் இருக்கட்டும். வயர்கள் அடிப்பக்கமாக, ரப்பர் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) வழியாக வர வேண்டும். சின்ன இடுக்கு விட்டாலும் எறும்பு குடியேறிவிடும். 80 டிகிரியைத் தொட்டால் போர்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே தகரத்துக்கு நேர் அடியில் மாட்டாதீர்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு எழுதுவதையெல்லாம் ரேமிலேயே வைத்துக்கொள்ளும் ஓவர்லே வசதியைப் போடுங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது, திடீரென்று கரண்ட் போனாலும் கெடாது. எடுத்த படங்களும் அணைத்தவுடன் போய்விடும், வேண்டுமென்றால் முன்பே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றிக்கும் இதையே வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கோகோவில் பன்றி இல்லை, அது வருவதும் இரவில். நோஐஆர் கேமரா (அகச்சிவப்பு வடிகட்டி இல்லாதது), அகச்சிவப்பு விளக்கு, இரவுக்கு வேறு பேட்டரிக் கணக்கு எல்லாம் சேரும். பயிற்சிக்கான படங்களை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். கம்பத்தில் மாட்டிய அதே கேமராவில், அதே உயரத்திலிருந்து, அதே விளக்கில் எடுங்கள். பன்றி வராத வெறும் கொல்லையின் படங்களையும் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்.