பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு

அம்பேத்கர், பெரியார், அண்ணா முதலிய தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியே சிறப்புப் பரிசும் உண்டு என்பதால், இதுவரை மேடை ஏறாதவர்களும் தயங்காமல் பெயர் கொடுக்கலாம்.

தலைப்பு தெரிந்தவுடன் பலர் ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தரும் உரையை வரிக்கு வரி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வாறு பேசுபவர் ஒரு சொல்லை மறந்தாலும் அடுத்த வரி வராமல் திகைத்து நிற்க நேரிடும். உரையை நீங்களே எழுதுங்கள். பெரியவர்கள் பிழை திருத்தித் தந்தால் போதும்.

‘அண்ணாவும் தமிழ்நாடும்’ என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் பிறந்தது தொடங்கி வாழ்க்கை வரலாறு முழுவதையும் ஐந்து நிமிடத்தில் அடக்க முயன்றால், கேட்பவர் மனத்தில் எதுவும் தங்காது. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆன பெயர் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வேண்டும் என்ற கோரிக்கையையும் முன்வைத்து 1956-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி உயிர்நீத்த சங்கரலிங்கனாரிலிருந்து பேச்சைத் தொடங்கி, 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதற்கு வந்து, 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்ததையும், மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்ததையும் சொல்லி முடிக்கலாம். நிகழ்ச்சிகள் இப்படித் தொடர்ந்து வரும்போது ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். சொல் தவறினாலும் பேச்சு தடைப்படாது.

நடுவர், தலைமையாசிரியர், பெற்றோர் என ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முதல் நிமிடத்தைக் கரைக்க வேண்டாம். அவைக்கு ஒரே வணக்கம் போதும்.

பயிற்சியை எப்போதும் நின்றுகொண்டு, வாய்விட்டுச் செய்யுங்கள். கைபேசியில் பதிவு செய்து கேட்டால், ‘வாழ்க்கை’ எந்த இடத்தில் ‘வாள்க்கை’ ஆகிறது என்பது உங்களுக்கே தெரியவரும். வேகமாகப் பேசும்போதுதான் ழகரம் பெரும்பாலும் தவறுகிறது; ஆகவே அந்த வாக்கியத்தை மட்டும் நிதானமாகப் பலமுறை சொல்லிப் பழகுங்கள். பிறரைப் பார்த்துக் கற்ற கையசைவுகளைத் தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பொருளில் மனம் ஊன்றினால் கை தானாக அசையும்.

ஐந்து நிமிடம் என்றால் நாலரை நிமிட உரையே எழுதுங்கள். முடிவு வாக்கியத்தை மட்டும் மாறாமல் மனத்தில் இருத்திக்கொண்டு, எச்சரிக்கை மணி ஒலித்ததும் பேசிக்கொண்டிருக்கும் கருத்தை முடித்துவிட்டு நேரே அதற்கு வந்துவிடுங்கள்.