பதக்கத்தின் விளிம்பிலிருந்து போர்க்களம் வரை: ஒரு காலாட்படை வீரரின் தடம் தேடுதல்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய சாதாரணக் காலாட்படை வீரர் ஒருவரின் வரலாற்றைத் தேடுவோர், முதலில் அவருடைய படை எண்ணைக் கண்டறிய வேண்டும். ஒரே பெயருடையோர் பலர் இருந்ததால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்துகளில் தெரியும். பளபளப்புக்காகத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்துகள் மழுங்கிவிடும்.

பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வ வீரர்களுக்கு) 1917இல் புதிய எண்கள் வழங்கப்பட்டதால், ஒருவருக்கு இரண்டு எண்கள் இருப்பது பிழையன்று.

பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனது. எனவே கோப்பு கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாமல், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 95 என்ற ஆவண வரிசையில் அவருடைய பட்டாலியனின் (படைப்பிரிவின் உட்பிரிவு) போர் நாட்குறிப்பைத் தேடுங்கள். என் மதிப்பில் இதுவே ஆகச் சிறந்த சான்று. அதிகாரிகள் எழுதிய அக்குறிப்பில் சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும்; ஆயினும் பட்டாலியன் எந்த நாளில் எந்தப் பதுங்குகுழியில் இருந்தது, எப்போது ஓய்வுக்குப் பின்வாங்கியது என்பதைத் தேதிவாரியாக அறியலாம். அவர் போரில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் கல்லறையையோ நினைவுச்சின்னத்தையோ கண்டறியலாம்.