நெல் மூட்டையை இழுத்துப் பார்ப்போம்: உராய்வு செய்யும் வேலையைக் கணிக்கும் முறை

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பிக்கையில், ஒரே பிழை ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகிறது. மூட்டையை இழுத்துச் சென்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம், ஆகவே உராய்வு செய்த வேலையும் பூச்சியம் என்று எழுதிவிடுகிறார்கள். இழுத்தவரின் முதுகைக் கேட்டாலே அது பிழையென்று தெரியும். ஆனால் கணக்கு எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது அவசியம்.

முதற்படி, விசையைக் காண்பது. காலபோக அறுவடைக்குப் பின் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் ஒன்றின் நீளம் 8 மீற்றர், அகலம் 6 மீற்றர் என்க. அதன் மூலையில் 50 கிலோகிராம் நெல் நிரம்பிய உரப்பை கிடக்கிறது. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அதன் நிறை 500 நியூற்றன். கிடையாக இழுக்கும்போது தரை மூட்டையை மேல்நோக்கித் தாங்கும் விசையான செவ்வன் மறுதாக்கமும் அதுவே. உராய்வு விசைக்கும் செவ்வன் மறுதாக்கத்துக்கும் உள்ள விகிதமான உராய்வுக் குணகம் 0.4 ஆயின் உராய்வு விசை 200 நியூற்றன். (கயிற்றைத் தோளில் போட்டுச் சாய்வாக இழுத்தால் செவ்வன் மறுதாக்கம் குறைந்து உராய்வும் குறையும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

இரண்டாம் படி, எதிர் மூலைக்கு மூலைவிட்டம் வழியாக இழுப்பது. தூரம் 10 மீற்றர். வேலை என்பது விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவது; உராய்வு நகர்வுக்கு எதிரே தாக்குவதால் அது செய்த வேலை மறை 2000 யூல்.

மூன்றாம் படியில்தான் நிதானம் வேண்டும். திரும்பி வரும்போது நகர்வின் திசை மாறுகிறது என்பதைப் பார்த்த மாணவர், விடைக்கு நேர்க்குறி இட்டு முன்னையதோடு வெட்டிவிடுகிறார். ஆனால் அதே கணத்தில் உராய்வும் தன் திசையை மாற்றி, புதிய நகர்வுக்கும் எதிராகவே நிற்பதை அவர் கவனிப்பதில்லை. ஆகவே இம்முறையும் மறை 2000 யூல். மொத்தம் மறை 4000 யூல்.

இதே மூட்டையை 1.5 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி மீண்டும் இறக்கிப் பாருங்கள். ஏறும்போது ஈர்ப்பு மறை 750 யூல் வேலை செய்கிறது. இறங்கும்போதும் அதன் திசை கீழ்நோக்கியே இருப்பதால் நேர் 750 யூல். கூட்டினால் பூச்சியம். மூடிய பாதையில் இவ்வாறு பூச்சியம் தரும் விசையே காப்பு விசை. அப்படிப் பூச்சியம் தராத உராய்வு, ‘காப்பில் விசை’, அதாவது காப்பு அல்லாத விசை.

அடுத்து, எதிர் மூலைக்குத் தளத்தின் இரு ஓரங்கள் வழியாக இழுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் முன்போலவே. தூரம் மட்டும் 14 மீற்றர். உராய்வின் வேலை மறை 2800 யூலாகிறது. இரண்டு புள்ளிகளுக்கிடையே பாதைக்கொரு விடை வருவதால், ஈர்ப்புக்கு எழுதுவதுபோல் உராய்வுக்கு ஓர் அழுத்தசக்தியை (இருக்கும் இடத்தை மட்டும் பொறுத்த சக்தியை) எழுதவே முடியாது.

‘காப்பில்’ என்ற சொல்லைக் கண்டு சக்தி அழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இழுத்து முடித்ததும் உரப்பையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்: இழைகள் பஞ்சுபோல் கிளம்பியிருக்கும், இளஞ்சூடும் தெரியலாம். அந்த 4000 யூலும் 100 கிராம் நீருக்குள் வெப்பமாகச் சென்றிருந்தால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 9.5 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கும். ஆனால் தரையிலும் சாக்கிலும் பரவிய அந்த வெப்பம், மூட்டையைத் தானாகப் பழைய மூலைக்குத் தள்ளிக் கொடுக்காது.

உராய்வு எப்போதும் மறை வேலையே செய்யும் என்று மட்டும் மனனம் செய்துவிடாதீர்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய அதே மூட்டை, வண்டி புறப்படும்போது வழுக்காமல் கூடவே நகர்கிறதென்றால், அதை முன்னே தள்ளுவது பெட்டித் தளத்தின் நிலையியல் உராய்வுதான். வண்டி செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தை அடையும்போது மூட்டையின் இயக்கசக்தி 400 யூல். தரை சார்பாகப் பார்த்தால், அது முழுவதும் உராய்வு செய்த நேர் வேலை.