சின்னதாக ஒரு சாட் நட்புக் குழு: தொடங்குவது எப்படி, உயிரோடு வைத்திருப்பது எப்படி

ஒருவர் குழுவுக்குள் வருகிறார். "ஹாய், நான் புதுசு" என்று எழுதுகிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், யாரும் எதுவும் சொல்லவில்லை. நடுவில் யாரோ ஒரு வீடியோவை ஃபார்வேர்டு செய்கிறார். அந்த "ஹாய்" மேலே ஏறி மறைந்துவிடுகிறது. மறுநாள் பார்த்தால் ஆளே இல்லை.

சாட் நண்பர்களுக்கான சின்னக் குழுக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. நான் நடத்திய முதல் குழுவும் அப்படித்தான் போனது. கண்ட இடத்திலெல்லாம் லிங்க்கைப் போட்டதில் ஒரே வாரத்தில் இருநூறு பேர் வந்தார்கள். பேசியது ஆறேழு பேர். அடுத்த குழுவில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டேன்: வந்தவர் இரண்டாவது முறையும் வந்து பேசினாரா? கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: யாருக்கான குழு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"புதிய நண்பர்களைச் சந்திக்க" என்று மட்டும் எழுதினால் போதாது, அது எல்லோருக்கும் பொருந்தும். "இரவு ஒன்பதுக்கு மேல் பேச ஆள் தேடுபவர்களுக்கு", "புது ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு", "படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாதவர்களுக்கு" என்று எழுதிப் பாருங்கள். படித்ததும் ஒருவருக்கு "அட, இது நான்தானே" என்று தோன்ற வேண்டும்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். இது நட்புக்கான குழுவா, துணை தேடுவதற்கான குழுவா? இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள். கலந்த குழுவில் சேரும் பெண்களின் இன்பாக்ஸில் முதல் நாளே பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவார்கள். வயது வரம்பையும் எழுதுங்கள். முன்பின் தெரியாத பெரியவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

படி 2: ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்

எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர், டெலிகிராமில் 2 லட்சம் பேர் என்பதெல்லாம் நமக்குத் தேவையே இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்குத் தொலைபேசி எண் தெரியுமா, தெரியாதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் பொதுவாக நம் எண் மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அது சரி, புதியவர்களுக்கு அது பெரிய தயக்கம். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். தனியுரிமை அமைப்பில் தொலைபேசி எண்ணை "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மாற்ற வேண்டும், எண்ணை வைத்துத் தேடுவதையும் "என் தொடர்புகள் மட்டும்" என்று வைக்க வேண்டும். டிஸ்கார்டில் மற்றவர்களுக்குத் தெரிவது பயனர் பெயர் மட்டும்தான். தொடங்குபவர்களுக்கு நான் டெலிகிராமைச் சொல்வேன், கற்றுக்கொள்ள நேரம் ஆகாது. குரல் அறைகள் முக்கியம் என்றால் டிஸ்கார்டு.

ஒரு சின்ன விஷயம். டிஸ்கார்டில் சரிபார்ப்பு நிலையை "ஹை" என்று வைத்தால், சேர்ந்து 10 நிமிடம் கழித்துத்தான் ஒருவர் பேச முடியும். ஸ்பாமைத் தடுக்க அது உதவும், ஆனால் ஆசையோடு வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிடும். "மீடியம்" போதும், கணக்கு தொடங்கி 5 நிமிடம் ஆகியிருந்தால் உள்ளே பேசலாம். டெலிகிராமில் லிங்க் உருவாக்கும்போதே "அட்மின் அனுமதி தேவை" என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

படி 3: திறப்பதற்கு முன்பே பேச்சு நடந்துகொண்டிருக்க வேண்டும்

காலியான அறைக்குள் யாரும் உட்கார மாட்டார்கள். பேசப் பிடிக்கும் ஏழெட்டுப் பேரை முதலில் சேர்த்து, ஒரு வாரம் நீங்களே பேசிக்கொண்டிருங்கள். புதிதாக வருபவர் மேலே தள்ளிப் பார்த்தால் இந்தக் குழுவின் தொனி அவருக்குப் புரிய வேண்டும். டெலிகிராமில் பழைய உரையாடல் புதியவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தெரியும்படி வையுங்கள், அப்படி வைத்திருப்பதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 4: விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம்

நீளமான விதிப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. என் குழுவில் எப்போதும் மேலே தெரியும்படி பின் (pin) செய்து வைத்திருப்பது இவ்வளவுதான்:

"இன்பாக்ஸுக்குப் போகும் முன் குழுவிலேயே கேளுங்கள். பணம் கேட்கவோ கொடுக்கவோ கூடாது. இங்கே பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே பகிரக் கூடாது. படம், எண், முகவரி கேட்டு வற்புறுத்தக் கூடாது. ஏதாவது சங்கடமாக இருந்தால் உடனே அட்மினிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது."

இதில் முதல் விதிதான் உயிர். "உங்களோடு தனியாகப் பேசலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியிருந்தால், தப்பான எண்ணத்தோடு வந்தவர் பாதியிலேயே நின்றுவிடுவார். நல்ல எண்ணம் உள்ளவருக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை. மறுப்பவரும் "இப்போதைக்கு இங்கேயே பேசுவோம்" என்று இயல்பாகச் சொல்லிவிட முடிகிறது.

படி 5: வரவேற்பு

உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே செலவிடுங்கள் என்பேன். வரவேற்பைத் தானாகச் செய்தி அனுப்பும் பாட் (bot) நிரலிடம் விட்டுவிடாதீர்கள். தானாக வரும் "வருக வருக" செய்தியை யாரும் தனக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று பேரைப் பிடித்து, நாள் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று யார் முறை என்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்பது பார்க்க எளிதான கேள்வி, பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. நேர்காணலில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் வாய் தானாகத் திறக்கும். ஓர் உரையாடலைக் காட்டுகிறேன்:

புதியவர்: ஹாய், நான் புதுசு

வரவேற்பவர்: வாங்க வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க, இங்க ஒரு பெரிய சண்டை ஓடிட்டிருக்கு. நீங்க ராத்திரி முழிச்சிருக்கிற ஆளா, விடியற்காலைல எழுந்திருக்கிற ஆளா?

புதியவர்: ராத்திரிதான். ரெண்டு மணி வரைக்கும் ஏதாவது வரைஞ்சிட்டு இருப்பேன்

வரவேற்பவர்: வரைவீங்களா! நம்ம குழுல இன்னொருத்தரும் ராத்திரில பென்சில் ஓவியம் போடுவார். (அந்த உறுப்பினரை டேக் செய்து) உங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைச்சாச்சு. நீங்க என்ன பேப்பர் யூஸ் பண்றீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.

கடைசி வரியைக் கவனியுங்கள். வரவேற்பவர் தானே பேசிக்கொண்டே போகவில்லை, இருவரைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். டேக் செய்ததோடு நிறுத்தாமல், பேச ஒரு குறிப்பான விஷயத்தையும் கையில் கொடுத்துவிட்டார். வெறுமனே டேக் செய்தால் அந்தப் பக்கமிருந்து இன்னொரு "ஹாய்" வரும், அதோடு முடிந்துவிடும். பேப்பரைப் பற்றிக் கேட்டால் பதில் வரும், பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். இதற்காக, யாருக்கு எதில் ஆர்வம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயனர் பெயர், அதன் எதிரே இரண்டு சொல், அவ்வளவு போதும்.

படி 6: எல்லோரும் கூடும் நேரம் ஒன்று வேண்டும்

நாள் முழுக்கத் திறந்திருக்கும் குழுவில் ஒருவர் காலையில் எழுதியதற்கு மாலையில்தான் பதில் வருகிறது. அதில் சூடு இருக்காது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்று குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், இருவர்தான் வந்திருந்தாலும் நடத்த வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றும் மதிப்பிட்டார். அவர் பார்த்தது நேரில் பழகியவர்களை. சாட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அளவு புரிகிறது இல்லையா? வாரம் இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 104 மணி நேரம். ஒரு மாதத்தில் "இன்னும் யாரும் நெருக்கமாகவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம்.

அப்புறம், வாரம் ஒருமுறை ஜோடி சேர்த்துவிடுங்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கட்டும், சீட்டுக் குலுக்கி இருவர் இருவராகப் பிரியுங்கள், ஒற்றைப்படையாக வந்தால் ஒரு குழுவில் மூவர். இருபது நிமிடம், மூன்று கேள்விகள். ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவருக்கு 36 கேள்விகளைக் கொடுத்து மாறி மாறிப் பதில் சொல்லச் செய்தார்கள். கேள்விகள் மேலோட்டமாகத் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையைத்தான்: முதல் கேள்வி லேசாக, இரண்டாவது கொஞ்சம் சொந்தமாக, மூன்றாவது விருப்பப்பட்டால் மட்டும். உதாரணமாக, "கடைசியா எதுக்குச் சத்தமா சிரிச்சீங்க?", "சின்ன வயசுல எதுக்குப் பயந்தீங்க?", "யாருக்கிட்டயாவது சொல்லாமல் விட்ட நன்றி இருக்கா?" இருவரும் பதில் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க மற்றவர் ஒப்பிக்கக் கூடாது. வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

படி 7: பிரச்சினை வரும்போது

முதலில் இன்னொரு அட்மினை வையுங்கள், இருவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். அட்மின் கணக்கு ஒன்று கைமாறினால் குழுவே போய்விடும்.

மோசடிக்காரர்களின் நடை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வந்த இரண்டாம் நாளே அளவுக்கு மீறிய பாசம், "இந்த ஆப் வேண்டாம், வேறு ஆப்புக்கு வாங்க" என்ற அவசரம், வீடியோ காலுக்கு எப்போதும் ஒரு சாக்கு, பிறகு ஒரு மருத்துவச் செலவோ கிரிப்டோ முதலீடோ. தனிமையில் இருப்பவர்கள்தான் இவர்கள் குறி, நம் குழுவுக்கு வருபவர்களும் அவர்கள்தான். பணம் என்ற பேச்சு வந்தால் இரண்டாவது வாய்ப்பே கிடையாது, நீக்கிவிடுங்கள்.

தொல்லை பற்றிப் புகார் வந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். "பார்த்துட்டேன், நாங்க இருக்கோம், அந்த மெசேஜை அழிக்காம வைங்க" என்று சொன்னாலே புகார் சொன்னவருக்குத் தைரியம் வரும். சம்பந்தப்பட்டவரை உடனே மியூட் செய்துவிட்டு, செய்திகளைப் பார்த்து இரண்டு அட்மின்களும் சேர்ந்து முடிவெடுங்கள். குழுவில் வைத்துப் பஞ்சாயத்து வேண்டாம். யாராவது உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று எழுதினால், அது இரவு எத்தனை மணியானாலும் தனியாக விடாதீர்கள். பேசிக்கொண்டே இருங்கள், அவருக்கு அருகில் இருக்கும் ஒருவரையும் அங்குள்ள உதவி எண்ணையும் தொடர்புகொள்ள வையுங்கள்.

படி 8: மாதம் ஒருமுறை மூன்று எண்கள்

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், நோட்டு போதும். இந்த மாதம் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் கிடைத்தது? எத்தனை பேர் ஒரு வாரம் கழித்தும் பேசினார்கள்? பன்னிரண்டு பேர் வந்து, ஐவருக்குத்தான் உடனே பதில் கிடைத்தது என்றால் அடுத்த மாதம் ஆள் சேர்க்காதீர்கள், வரவேற்பு முறையைச் சரிசெய்யுங்கள். பதினொருவருக்குப் பதில் கிடைத்தும் இருவர்தான் தங்கினார்கள் என்றால், கேள்விகளையோ கூடும் நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

பேசாமல் படித்துக்கொண்டே இருப்பவர்களை விரட்டாதீர்கள். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் பார்ப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுபவர்கள், 1 சதவீதம் பேர்தான் அதிகம் எழுதுபவர்கள் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். சின்னக் குழுவில் நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் மூன்று மாதம் படித்துவிட்டு ஒரு நாள் பேசத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர்தான் இன்று வரவேற்பு முறையில் இருக்கிறார்கள்.

படி 9: கதவை அவ்வப்போது மூடுங்கள்

யூஸ்நெட் என்ற பழைய இணைய உரையாடல் வலையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுக் கல்லூரி மாணவர்கள் வந்து சேர்வார்கள். சில வாரங்களில் அந்த இடத்துப் பழக்கங்களைக் கற்றுக்கொண்டு கலந்துவிடுவார்கள். 1993-க்குப் பிறகு ஏஓஎல் (AOL) போன்ற இணைய இணைப்புச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் இடைவெளியே இல்லாமல் வரத் தொடங்கினார்கள், கற்றுக்கொடுக்கப் பழையவர்களால் முடியவில்லை. அந்தக் காலத்தை "முடிவில்லாத செப்டம்பர்" என்று இன்றும் சொல்கிறார்கள்.

நம் அளவுக்கு இதன் பொருள் இதுதான்: ஒரு வாரம் ஐந்து பேரைச் சேர்த்தால், அடுத்த இரண்டு வாரம் லிங்க்கை முடக்கி வையுங்கள். அவர்கள் பெயர் எல்லோருக்கும் பழகட்டும். தொடர்ந்து பேசுபவர்கள் ஐம்பதைத் தாண்டினால், தனி அறைகளாகப் பிரிப்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம். முன்கூட்டியே பத்துச் சேனல் திறந்தால் பத்தும் காலியாகக் கிடக்கும்.

ஒரு நாள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இருவர் குழுவில் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். விசாரித்தால் தினமும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைச் செயல்படாதவர்கள் என்று கணக்குப் போட்டு நீக்கிவிடாதீர்கள், நீங்கள் இதைத் தொடங்கியதே அதற்காகத்தான். மாதத்தில் ஒரு நாள் புதியவர்களை வரவேற்க வர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் வந்தார்கள்.